பதினோராம் நம்பர் டோக்கன்

இந்த வாரம் சுற்றி வளைக்கப் போவதில்லை. போன அத்தியாயங்களில் ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன். மறதி இல்லை, வேண்டுமென்றே விட்டேன். படிக்கிறவர்களை நான் நம்பவில்லை. வீட்டில் இருப்பவர்களையே நம்பாதவன் உங்களை எப்படி நம்புவேன்?

புதிதாக வந்தவர்களுக்கு நாலு வரி. ஏரிக்கரையில் எங்கள் படகுக் கொட்டகை. வருகிறவர்களைக் கூட்டமாகச் சேர்த்துக் காலையில் கயாக்கிலும் கனூவிலும் ஏற்றி ஏரியில் இறக்குவோம். ஏரியிலிருந்து ஆறு கிளம்பும் வாய் வழியாகத் துடுப்புப் போட்டுப் போய், நடுவில் ஒரு தீவில் சாப்பாடு, மாலையில் கீழ்த்துறையில் கரையேற்றம். என் பெரியவள் கூட்டத்தை நடத்துவாள். சின்னவன் படகுகளை ஏற்றுவான், இறக்குவான். நான் வேனும், அதில் கூடவே போகும் டோக்கன் பலகையும்.

பலகையில் பதினாறு ஆணி. ஆணிக்கு ஒரு அலுமினிய டோக்கன், நம்பர் குத்தியது. காலையில் ஆளுக்கு ஒன்றை எடுத்து லைஃப் ஜாக்கெட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். கீழ்த்துறையில் கரையேறியதும் அவரவர் டோக்கனை அவரவரே ஆணியில் மாட்ட வேண்டும். அடுத்தவர் டோக்கனை யாரும் தொடக்கூடாது. ஆணி நிறைந்தால் ஆற்றில் ஆள் இல்லை என்று அர்த்தம். அந்தச் சட்டத்தைப் போட்டவன் நான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் எங்கள் ஆற்றில் இறந்துபோனார். பலகை நிறைந்திருந்தது. ஆள் ஆற்றில் இருந்தார். பலகையைப் பார்த்து, எல்லோரும் கரையேறியாச்சு என்று கையெழுத்துப் போட்டவள் பெரியவள். கடைசிப் படகில் வந்தவளும் அவள். வாத்தியார் யாரிடமும் சொல்லாமல் மறுபடி ஆற்றில் இறங்கினார், அதைப் பெரியவள் கவனிக்கவில்லை என்று எழுதி, அவளுடைய வழிகாட்டி லைசென்ஸை எட்டு மாதம் பிடித்து வைத்துவிட்டார் விசாரணை அதிகாரி.

இவ்வளவும் உங்களுக்குத் தெரியும். தெரியாதது இதுதான்.

வாத்தியார் கீழ்த்துறையில் கரையேறியதும் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் போனார். சாப்பிட்ட தீவில் ஷூவை விட்டுவிட்டேன், போய் எடுத்து வரட்டுமா என்று கேட்டார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அந்தத் தீவைச் சுற்றி ஆறு இரண்டாகப் பிரியும். ஒரு பக்கம் பெரிய ஓட்டம். இன்னொரு பக்கம் ஒடுக்கம், நாங்கள் சந்து என்போம். "சந்து வழியா போங்க, இழுப்பு இருக்காது" என்றேன். டோக்கனை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கையில் டோக்கன் வந்தால் ஆணிக்குப் போகும், எனக்கு அது முப்பது வருஷப் பழக்கம். மாட்டிவிட்டேன்.

முந்தின நாள் காற்றில் சந்துக்குள் மரம் விழுந்திருந்தது. நான் போய்ப் பார்க்கவில்லை.

அப்புறம் ஒரு பெண் வழுக்கி விழுந்து காலைக் கிழித்துக்கொண்டாள். மழை வலுத்தது. ஆளாளுக்குக் கத்தினார்கள். பெரியவள் கரையேறிப் பலகையைப் பார்த்தாள், நிறைந்திருந்தது, கையெழுத்துப் போட்டாள். நான் வேனை எடுத்துவிட்டேன். ஒரு மனிதனை ஆற்றுக்குள் அனுப்பியதை மறந்துவிட்டேன். டிரெய்லர் ஒரு நடைக்கு எட்டுப் படகுதான் தாங்கும். மீதிப் படகுகளை எடுக்கச் சின்னவன் இரண்டாம் நடை போனபோதுதான் ஒன்று குறைந்தது தெரிந்தது. தேடிப் போனபோது வாத்தியார் அந்த மரத்தில் படகோடு சிக்கிக் கிடந்தார், காலம் கடந்திருந்தது.

விசாரணையில், நான் வேனுக்குள் இருந்தேன், எதையும் பார்க்கவில்லை என்றேன். அறுபத்தொன்பது வயதில் ஜெயில் பயம். அதைவிடப் பெரிய பயம், என் சட்டத்தை நானே உடைத்தேன் என்பது வெளியில் தெரிவது.

இனி, பெரியவள் மறுபடி ஆற்றுக்குப் போன நாளின் கதை.

*

லைசென்ஸ் கைக்கு வந்து ஐந்தாம் நாள் காலை. ஒரு அச்சகத்திலிருந்து பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். கூடவே தனியாக ஒரு அம்மாள், ஐம்பது வயதிருக்கும்.

பெரியவள் கொட்டகைக்குப் பின்னால் நின்று கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முப்பத்து நாலு வயது. வேறு வேலை பார்த்ததே இல்லை.

"என்ன, குளிருதா?" என்றேன்.

"இல்லப்பா. நடுங்குது. இன்னிக்கு ஒரு தரம் போய்ப் பாக்கறேன். முடியலன்னா லைசென்ஸை நானே திருப்பிக் குடுத்துடறேன்."

"பைத்தியம் மாதிரி பேசாத."

"பைத்தியம்தான் பிடிக்கப் போகுது. விடுங்க."

அச்சகத்துக் கூட்டத்தில் பைண்டர் ஒருவர், நல்ல பருமன். அவர் கயாக்கை உதைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"பெரியவரே, இது கவிழுமா?"

"நீங்க உக்காந்தா கவிழாது. அமுங்கும்."

கூட்டம் சிரித்தது. அந்தத் தனி அம்மாள் சிரிக்கவில்லை. பலகையின் முன்னால் நின்று ஒவ்வொரு ஆணியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதையாவது ஒண்ணு எடுத்துக்குங்க" என்றேன்.

"பதினொண்ணு இல்லையா?"

"தொலைஞ்சு போச்சு."

"ஓ" என்றார். கொஞ்ச நேரம் அந்தக் காலி ஆணியைப் பார்த்தார். "அவரோட நம்பர் அதுதான்னு சொன்னாங்க."

அப்போதுதான் யாரென்று புரிந்தது. விசாரணைக்கு நான் போனது ஒரே நாள்தான். அன்று வாத்தியார் மனைவி வரவில்லை. முகம் தெரியாது.

பெரியவளைத் தனியே இழுத்துப் போனேன். "அது யார் தெரியுமா?"

"தெரியும். விசாரணையில மூணு தரம் பாத்திருக்கேன்."

"வேவு பாக்க வந்திருக்கு. ஏதாவது வக்கீல் அனுப்பியிருப்பான். திருப்பி அனுப்பு."

"அவங்க வரட்டும்பா."

"ஏன்?"

"அவங்களை வேணாம்னு சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?"

அதற்கு மேல் அவளிடம் பேச முடியாது. அவள் அம்மா மாதிரிப் பிடிவாதம். நான் வேறு வழி யோசித்தேன். அந்த அம்மாளைப் பெரியவளிடம் பேசவிடக் கூடாது. அவ்வளவுதானே?

"அந்தம்மா என் கனூல வரட்டும்" என்றேன் சத்தமாக. "புது ஆளு. நானே கூட்டிட்டுப் போறேன்."

சின்னவன் கையில் கயிறோடு நிமிர்ந்தான். "அப்ப வேன்?"

"நீ ஓட்டு. பலகையும் உன் பொறுப்பு."

என்னைப் பார்த்தான். என்னமோ கேட்க வந்தவன் மாதிரி வாய் திறந்தான். கேட்கவில்லை. எப்போதும் அவன் அப்படித்தான்.

*

கனூவில் முன்னால் இருப்பவருக்குப் பின்னால் இருப்பவர் முகம் தெரியாது. அதுவும் எனக்கு வசதியாகத்தான் பட்டது.

ஏரியில் காற்று இல்லை. பெரியவள் முன்னால் போய் ஒவ்வொரு படகாகப் பார்த்து வரிசை கட்டினாள். வழக்கத்தைவிட அதிகமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வாய் அசைந்துகொண்டே இருந்தது. எண்ணுகிறாள்.

"கரண்டியால கிண்டுற மாதிரி போடாதீங்க" என்றேன் அந்த அம்மாளிடம். "நல்லா உள்ள விட்டு இழுங்க."

இழுத்தார். முதுகு நேராக நின்றது. ஆற்று வாய்க்குள் நுழைந்த பிறகுதான் கேட்டார்.

"அன்னிக்கு நீங்க இருந்தீங்களா?"

"வேன்ல இருந்தேன்."

"வேன்லேருந்து ஆறு தெரியுமா?"

"மழை."

"ம்."

இரண்டு வளைவு போனோம். பின்னால் பைண்டரும் அவர் நண்பரும் ஆளுக்கொரு பக்கம் துடுப்புப் போட்டு ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். "யோவ், நான் வலதுன்னா நீயும் வலதா?" என்று சத்தம். பெரியவள் அவர்கள் பக்கம் போனாள்.

"எங்க வீட்டுக்காரர் கேக்காம ஒரு காரியம் செஞ்சவர் இல்ல" என்றார் அந்த அம்மாள், திரும்பாமலே. "என் தங்கச்சி வீட்டுக்குப் போனா தண்ணி குடிக்கலாமான்னு கேப்பாரு. சரி, அது அடுத்த வீடு. எங்க வீட்டுல ஃபேன் போடட்டுமான்னு என்கிட்ட கேப்பாரு. இருபத்தாறு வருஷம். எனக்கு எரிச்சலா வரும். போடுங்களேன், இது என்ன உங்க மாமியார் வீடான்னு கத்துவேன்."

நான் துடுப்பைப் போட்டேன்.

"அவர் யார்கிட்டயும் சொல்லாம நழுவிப் போய்ட்டாருன்னு எழுதி வெச்சிருக்காங்க. படகுக்குள்ள ஷூ கட்டி வெச்சிருந்துதாம். ஷூவை எடுத்துட்டுத் திரும்பி வந்துட்டிருந்திருக்காரு. நீங்களே சொல்லுங்க. ஃபேன் போடக் கேக்கறவர், ஆத்துல இறங்கக் கேக்காம இருப்பாரா?"

"நான் என்னத்தைக் கண்டேன்."

"யாரையோ கேட்டிருக்காரு. அவங்க சரின்னிருக்காங்க. யாருன்னு தெரியணும். அதுக்குத்தான் வந்தேன்."

"தெரிஞ்சு? கேஸ் போடப் போறீங்களா?"

அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். கனூ ஆடியது.

"கேஸ் போட்டா ஆள் வருவாரா? அவர் வாத்தியாருங்க. சொல் பேச்சு கேக்காம செத்தாருன்னு அவர்கிட்ட படிச்ச பசங்க பேசறாங்க. அதை அழிக்கணும் எனக்கு."

திரும்பி உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச தூரம் போனதும், "உங்க பொண்ணைத்தான் கேட்டிருப்பாருன்னு நினைக்கறேன்" என்றார். "பாவம், சின்னப் பொண்ணு. பயத்துல சொல்லலபோல."

இல்லை என்று சொல்ல நாக்கு வரவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. சும்மா இருந்தால் பழி தானாகவே அவள் பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பது எனக்குப் பழகிப்போன விஷயம். எட்டு மாதமாக அப்படித்தான் போய் உட்கார்ந்திருந்தது.

*

தீவில் எல்லோரும் பொட்டலத்தைப் பிரித்தார்கள். பெரியவள் மட்டும் தண்ணீர் ஓரமாக ஒரு பாறையில், சந்து பிரிகிற இடத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பொட்டலம் பிரிக்காமல் மடியில் கிடந்தது.

நான் படகுகளை மேலே இழுத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் அந்த அம்மாள் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்.

கயிற்றை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். இந்த முழங்காலோடு ஓடுவது என்றால் என்ன என்று என் வயதுக்காரர்களுக்குத் தெரியும்.

"... கோவமே இல்லம்மா. என்கிட்ட மட்டும் சொல்லு. உன்னைத்தானே கேட்டாரு?"

பெரியவள் தலை குனிந்திருந்தாள். "தெரியல மேடம்."

"தெரியலன்னா?"

"நான் கடைசிப் படகு. ஒரு ஜோடி ரொம்ப மெதுவா வந்தாங்க, அவங்க கூடவே பெரிய ஓட்டத்துல வந்தேன். தீவோட வால் கிட்ட வரும்போது தூரத்துல கீழ்த்துறைப் பக்கம் ஒருத்தர் கையைத் தூக்கினாரு. சும்மா கை காட்டறாங்கன்னு நானும் துடுப்பைத் தூக்கினேன்."

"அதுக்கென்ன?"

"துடுப்பை நேரா தூக்கினா எங்க பாஷையில 'சரி, போகலாம்'னு அர்த்தம். காலையில எல்லாருக்கும் சொல்லித் தந்திருந்தேன். அவருக்கும்." சந்துப் பக்கம் பார்த்தாள். "அது அவர்தானான்னு ராத்திரி பகலா யோசிக்கறேன். முகம் ஞாபகம் வரமாட்டேங்குது. ஆனா கேட்டிருப்பாரு மேடம். நான்தான் சரின்னு சொல்லியிருக்கேன். விசாரணையில இதைச் சொல்லல. பயந்துட்டேன். அதையும் உங்ககிட்ட சொல்லிடறேன். நான்தான்னு எழுதிக் குடுக்கறேன்."

இந்தத் துடுப்புக் கதையை அவள் என்னிடம் சொன்னதே இல்லை. ஒரே கூரைக்குள் இருந்துகொண்டு, செய்யாத ஒன்றைச் செய்ததாக இவள் மெல்ல மெல்லத் தனக்குத்தானே சாட்சி ஜோடித்திருக்கிறாள். அதற்கு இடம் கொடுத்தது என் வாய்.

அந்த அம்மாள் அவள் தோளைத் தொடக் கை நீட்டினார்.

"அவ இல்ல" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"என்னைத்தான் கேட்டாரு. சந்து வழியா போங்கன்னு நான்தான் சொன்னேன். டோக்கனை வாங்கி மாட்டினது நான். அப்புறம் மறந்துட்டேன்."

பெரியவள் எழுந்தாள். "அப்பா, என்னைக் காப்பாத்தறேன்னு பொய் சொல்லாதீங்க."

"பொய் அப்ப சொன்னது. நீ தீவோட வாலுக்கு வர்றதுக்குக் கால் மணி நேரம் முன்னாடியே அவர் சந்துக்குள்ள போயாச்சு. நீ பாத்தது வேற யாரோ. அங்க அஞ்சாறு பேர் தண்ணியில விளையாடிட்டு இருந்தாங்க."

மரத்தடியில் அச்சகத்துக்காரர்கள் எதற்கோ சிரித்தார்கள்.

அடி விழும் என்று நினைத்தேன். அந்த அம்மாள் கேட்டது வேறு.

"என்ன சொல்லிக் கேட்டாரு? வார்த்தை மாறாம சொல்லுங்க."

மறந்தவன் நான். ஆனால் அந்த வார்த்தைகள் மட்டும் எட்டு மாதமாகக் காதைவிட்டுப் போகவில்லை.

"'ஐயா, தப்பா நினைக்காதீங்க. தீவுல ஷூவை விட்டுட்டேன். போய் எடுத்துட்டு வரட்டுமா?' அப்படின்னாரு."

"தப்பா நினைக்காதீங்கன்னாரா?"

"ஆமா."

"அவர்தான்" என்றார். "அவரேதான்." புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு பாறையிலிருந்து சரிந்து மணலில் உட்கார்ந்தார். முகத்தில் இருந்தது வெறும் துக்கம் என்று சொன்னால் பொய். தொலைந்த ஆளை ஒரு நிமிஷம் கண்ணால் பார்த்தவர் மாதிரி இருந்தார்.

கொஞ்சம் பொறுத்து என்னைப் பார்த்தார். "உங்களை மன்னிப்பேன்னு எதிர்பாக்காதீங்க."

"எதிர்பாக்கல."

பெரியவள் என் பக்கம் பார்க்கவே இல்லை. ஆற்றைப் பார்த்துத்தான் பேசினாள்.

"எட்டு மாசமா தூக்க மாத்திரை போட்டுக்கறேன். தினமும் தண்ணி கொண்டுவந்து குடுத்தது நீங்க."

"ஆமா."

"மாத்திரையை எண்ணிப் பாத்துத் தந்தீங்க. ஒண்ணு கூடுதலாப் போயிடக் கூடாதுன்னு."

அவள் மடியிலிருந்து விழுந்த பொட்டலத்தை எடுத்து நீட்டினேன்.

"தம்பிக்குத் தெரியுமா?"

அதைக் கேட்பாள் என்று எதிர்பார்க்கவில்லை. "அன்னிக்குப் பத்தடி தள்ளிக் கயிறு கட்டிட்டு இருந்தான். காதுல விழுந்துதான்னு நான் கேட்டதில்ல. அவனும் சொன்னதில்ல."

தலையை மட்டும் ஆட்டினாள். அப்புறம் குனிந்து அந்த அம்மாளைக் கைபிடித்து எழுப்பினாள்.

"மேடம், சந்தைப் பாக்கறீங்களா? மரத்தை வெட்டி எடுத்தாச்சு. இப்ப ஒண்ணும் பயமில்ல."

"பாக்கணும்."

"நான் கூட்டிட்டுப் போறேன்."

என்னிடம் வந்தபோது குரல் வேறாக இருந்தது. கூட்டம் நடத்துகிற குரல்.

"என் கயாக்கை நீங்க எடுத்துக்குங்க. பெரிய ஓட்டத்துல பன்னெண்டு பேர். எல்லாருக்கும் பின்னால வாங்க. உங்களுக்குப் பின்னால ஒருத்தர் இருக்கக் கூடாது. திங்கட்கிழமை அந்த அதிகாரி ஆபீசுக்குப் போறோம். நான் சொன்னதையும் சொல்றேன், நீங்க சொன்னதையும் சொல்லுங்க."

"சரிம்மா."

"அம்மா கிம்மான்னு கூப்பிடாதீங்க இப்ப."

கனூவை ஒரே தள்ளில் தண்ணீரில் இறக்கினாள்.

*

பன்னிரண்டு பேரையும் எண்ணினேன். வளைவுக்கு வளைவு எண்ணினேன். பைண்டர் ஒரு தடவை புதருக்குள் ஒதுங்கப் போய், எண்ணிக்கை பதினொன்றாகி, என் உயிர் போய் வந்தது. "பெரியவரே, இதுக்குமா பர்மிஷன்?" என்று திட்டினார். ஆமாம் என்றேன்.

கீழ்த்துறையில் சின்னவன் முழங்கால் தண்ணீரில் நின்று ஒவ்வொரு படகின் மூக்கையும் பிடித்து இழுத்தான். ஆட்கள் வரிசையில் போய் டோக்கனை மாட்டினார்கள். நான் கடைசியாக வந்தேன்.

அக்காவின் கயாக்கில் என்னைப் பார்த்ததும் அவன் கை நின்றுவிட்டது.

"அக்கா எங்க?"

"சந்து வழியா வர்றா. அந்தம்மாவும் கூட இருக்காங்க." மூச்சு வாங்கியது எனக்கு. "எல்லாத்தையும் சொல்லிட்டேன்டா."

சந்தோஷப்படுவான், இல்லை கத்துவான் என்று நினைத்தேன். அவன் கயாக்கின் மூக்கை விடாமல் பிடித்துக்கொண்டு, கரையில் இருப்பவர்களுக்குக் கேட்காத மாதிரிக் கேட்டான்.

"நான் இரண்டாம் நடையை லேட்டா எடுத்ததையும் சொல்லிட்டீங்களா?"

"என்ன லேட்டு?"

எனக்கு அது தெரியாது என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

அவன் முதுகுக்குப் பின்னால், சந்தின் வாயில், கனூ வந்துகொண்டிருந்தது. பெரியவள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டாள். துடுப்பைத் தூக்கவில்லை. வேகமாகப் போட்டாள்.